ஊகத்திற்கு ஓர் எல்லை உண்டா?

கதை கேட்பது மனித குலத்தின் மிகப் பழைய பழக்கங்களுள் ஒன்று. கதை சொல்பவரை நடுவே மறித்து, "பிறகு இப்படித்தானே நடந்திருக்கும்?" என்று கேட்பது அதனினும் சற்றே இளைய பழக்கமாக இருக்கலாம். ஆயிரத்தோரு இரவுகளின் நாயகி ஷஹ்ரஸாத் தன் உயிரைக் காத்துக்கொண்டது எவ்வாறு? விடியும் வேளையில் கதையை முடிக்காமல் நிறுத்தியே காத்துக்கொண்டாள். அடுத்த இரவு வரை அவளை உயிரோடு விட்டுவைக்குமாறு மன்னனைத் தூண்டியது முடிவை அறியும் வேட்கை. பகற்பொழுது முழுவதும், அரசவையில் அமர்ந்திருந்தபோதும், அந்த மன்னனின் உள்ளத்தில் அடுத்து நிகழவிருப்பது யாது என்னும் ஊகமே ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று அந்த மன்னனின் நிலையில் கோடிக்கணக்கான மக்கள் இருக்கின்றனர். தொலைக்காட்சித் தொடர் ஒன்று உச்சகட்டத்தில் நிறுத்தப்படுகிறது. அடுத்த வாரம் வரையிலோ, சில வேளைகளில் அடுத்த ஆண்டு வரையிலோ காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பார்வையாளர்கள் பேச்சினால் நிரப்புகின்றனர். கொலை செய்தவன் எவன், மறைந்தவள் திரும்பி வருவாளா, அந்தச் சிறுவனின் உண்மைத் தந்தை யார் என்றெல்லாம் வாதம் செய்கின்றனர். வீட்டுப் பெரியவர்கள் இதைக் கண்டு, "இல்லாத மனிதர்களைப் பற்றி இவ்வளவு பேச்சா?" என்று சலித்துக்கொள்வதும் உண்டு. இந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறதா? ஊகம் வெறும் பொழுதுபோக்கா, அறிவுப் பயிற்சியா, அல்லது ஒழுக்கக் கேட்டின் தொடக்கமா? இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஒரு துப்பாக்கிச் சூடும் எட்டு மாதக் காத்திருப்பும்

தொலைக்காட்சி வரலாற்றில் ஊகத்தின் பேரெழுச்சி என்று குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி 1980இல் அமெரிக்காவில் நேர்ந்தது. டெக்ஸாஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வர் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறிய 'டல்லஸ்' என்னும் தொடர் 1978இல் தொடங்கியது. அதன் முதன்மைப் பாத்திரம் ஜே. ஆர். யூயிங், நடித்தவர் லேரி ஹாக்மன். தம்பியையும் மனைவியையும் வணிகப் பங்காளிகளையும் புன்னகை மாறாமல் ஏமாற்றும் ஒரு கொடியவன் அவன். 1980 மார்ச் 21ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியின் இறுதியில், இரவு வேளையில் தன் அலுவலகத்தில் தனித்திருந்த அவனை முகம் காட்டாத ஒருவர் சுட்டு வீழ்த்தினார். அத்துடன் அந்த ஆண்டின் தொடர் வரிசை நிறைவுற்றது.

சுட்டவர் யார்? கதையில் அவனுக்குப் பகைவரல்லாதவர் அரிது; ஆகவே ஐயத்திற்குரியவர்களின் பட்டியல் நீண்டது. அவ்வாண்டின் கோடையில் அமெரிக்க நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தமையால், இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் வரவேண்டிய புதிய பகுதிகள் மேலும் தாமதமாயின. வினா பொறிக்கப்பட்ட சட்டைகள் விற்பனையாயின. இங்கிலாந்தில் பந்தயம் பிடிப்போர் இதன்மீதும் பணம் பெற்றனர். குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்ற அந்த ஆண்டில், வேட்பாளர்களைப் பற்றிய பேச்சுக்கு ஈடாக இந்தக் கற்பனைக் குற்றவாளியைப் பற்றிய பேச்சும் நடந்தது. இரகசியம் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, வெவ்வேறு பாத்திரங்கள் சுடுவது போன்ற காட்சிகள் பல படமாக்கி வைக்கப்பட்டன. 1980 நவம்பர் 21ஆம் நாள் விடை வெளியாயிற்று: சுட்டவள் ஜே. ஆரின் மனைவிக்குத் தங்கையான கிறிஸ்டின். அன்றிரவு அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 கோடியே 30 இலட்சம் பேர் அதைக் கண்டனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எட்டு மாதங்கள் மக்கள் வாதிட்டனர். அவர்களுள் மிகப் பலரின் கணிப்பு தவறிப்போயிற்று. விடை வந்த மறுநாள் தவறியவர்கள் சிரித்தனர், வென்றவர்கள் பெருமைப்பட்டனர், அத்துடன் கதை முடிந்தது. ஒருவர் மானமும் பறிபோகவில்லை. ஊகம் செய்தவருக்கும் கேட்டவருக்கும் ஊகிக்கப்பட்டவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. இந்த நிலையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம். பின்னர் வேறொரு நிலையை இதனோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

தொலைக்காட்சிக்கு முன்னரும்

இப்பழக்கத்தைத் தொலைக்காட்சியின் தலையில் மட்டும் சுமத்துவது பொருந்தாது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் கடைசி நாவலாகிய 'எட்வின் ட்ரூடின் மர்மம்' என்பதைப் 12 மாதப் பகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டிருந்தார். 6 பகுதிகளுக்குரிய எழுத்து முடிந்த நிலையில், 1870 ஜூன் 9ஆம் நாள் அவர் காலமானார். காணாமற்போன இளைஞன் எட்வின் கொல்லப்பட்டானா, தப்பிப் பிழைத்தானா, குற்றம் அவன் மாமன் ஜான் ஜாஸ்பரைச் சேர்ந்ததா என்பவற்றிற்கு விடை கூறவேண்டியவர் மண்ணுள் மறைந்துவிட்டார். அன்று தொடங்கிய வாதம் இன்றும் ஓயவில்லை.

1914 ஜனவரியில் லண்டன் நகரில் அந்த ஜாஸ்பர் மீது ஒரு விளையாட்டு விசாரணையே நடத்தப்பட்டது. நீதிபதியாக அமர்ந்தவர் எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன். ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. சாட்சிகள் வந்தனர், குறுக்கு விசாரணை நிகழ்ந்தது. ஜூரிகள், கருதிச் செய்த கொலையன்று என்னும் அளவில் ஜாஸ்பரைக் குற்றவாளி என்றனர். நீதிபதியோ, தம்மைத் தவிர அங்கிருந்த அனைவரும் நீதிமன்றத்தை அவமதித்தவர்கள் என்று தீர்ப்புரைத்து அவையைச் சிரிப்பில் ஆழ்த்தினார். தம் காலத்தின் தலைசிறந்த மூளைகள் இவை. இறந்துபோன ஆசிரியர் விட்டுச்சென்ற குறிப்புகளை எடைபோடுவதற்கு அவர்கள் ஒரு நாளைச் செலவிட்டதை வீண் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை 1893 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் வீழ்த்திவிட்டார். வாசகர்களின் துயரும் சினமும் சிறிதல்ல. 1903இல் அவரே ஹோம்ஸை மீட்டுக் கொண்டுவர நேர்ந்தது. தமிழிலும் இதற்கு இணை உண்டு. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நிறைவுற்றபோது, வாசகர்கள் எழுப்பிய வினாக்களை முன்னிட்டு ஆசிரியர் ஒரு முடிவுரையும் எழுதினார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்னும் வாதமோ அதற்குப் பின்னும், இன்று வரையிலும், தமிழ் வீடுகளில் நடந்துகொண்டே இருக்கிறது.

ஊகத்தின் நன்மை

நல்ல ஊகம் எதனால் உண்டாகிறது? கவனத்தினால் உண்டாகிறது. கதையில் ஒருவர் கூறிய சொல்லை மறவாமல் வைத்திருத்தல், அதே நபர் பின்னொரு நாள் கூறியதனோடு அதைப் பொருத்திப் பார்த்தல், இரண்டும் பொருந்தாதபோது அதன் காரணத்தைத் தேடுதல் என்னும் செயல்களின் கூட்டுத்தொகையே அது. கண்ணைத் திறந்துகொண்டு உறங்குவோரால் இது ஆகாது.

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கதை வரிசை. அதன் முதல் நூல் 1996இல் வெளிவந்தது. அதில் ஜான் ஸ்னோ என்னும் இளைஞன் ஒரு பிரபுவின் முறைகேடான மகனாக வளர்கிறான். தாய் யார் என்பது கூறப்படவில்லை. முதல் நூல் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே கூர்ந்து வாசித்த சிலர், ஒரு பெண்ணின் மரணப் படுக்கை, ஒரு வாக்குறுதி, நீல ரோஜா மலர்கள் ஆகிய சிறு குறிப்புகளை இணைத்து, அவன் பெற்றோர் வேறு இருவர் என்று முடிவு கட்டினர். அக்கதையைத் தழுவிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 2011இல் தொடங்கியது. 2016 ஜூனில் அந்த முடிவு சரியானதே என்று திரையில் உறுதியாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்து நின்ற ஊகம் அது. தொடரைத் தயாரிக்க விரும்பி வந்த இருவரிடம் மார்ட்டின் கேட்ட சோதனை வினாவும் அதுவேயாம்: ஜான் ஸ்னோவின் தாய் யார்? அவர்கள் கூறிய விடை அவருக்கு நிறைவளித்தது என்று அவ்விருவரும் பின்னர் தெரிவித்துள்ளனர். கதையை உண்மையாக வாசித்தவர் யார் என்பதை அளக்க ஊகத்தினும் நல்ல அளவுகோல் அந்த ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை போலும்.

ஊகத்திற்கு மற்றொரு நன்மையும் உண்டு. அது மனிதர்களைக் கூட்டிவைக்கிறது. தனித்தனியே பார்த்ததை ஒன்றாக அமர்ந்து பேசும்போது, ஒருவர் காணாததை மற்றவர் காட்டுகிறார். தந்தை கவனிக்காத ஒரு கடிதத்தைப் பத்து வயது மகள் கவனித்திருப்பாள். அந்த ஒரு நொடியில் வீட்டில் வயதுக்குரிய மதிப்பு அறிவுக்கும் கிடைக்கிறது.

தன் ஊகத்தின் மீதே காதல்

ஆயினும் எல்லா ஊகங்களும் இவ்வாறு நலம் பயப்பன அல்ல. முதற் குறை, ஒருவர் தம் ஊகத்தின் மீதே காதல் கொண்டுவிடுவது. 2004 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'லாஸ்ட்' என்னும் தொடர் இதற்குச் சான்று. விமானம் ஒன்று உடைந்து வீழ்கிறது. பிழைத்தவர்கள் புதிர் நிறைந்த தீவொன்றில் சிக்குகின்றனர். தொடர் தொடங்கிய காலத்திலேயே பலர், 'இவர்கள் எல்லாரும் விபத்திலேயே இறந்துவிட்டனர். இத்தீவு மரணத்திற்குப் பிந்தைய இடைநிலை உலகம்' என்று ஊகித்தனர். அவ்வாறன்று எனத் தயாரிப்பாளர்கள் மறுத்தனர். 2010 மே 23ஆம் நாள் இறுதிப் பகுதி வந்தது. தீவில் நடந்தவை யாவும் உண்மையாகவே நடந்தவை என்பதை ஒரு பாத்திரமே வெளிப்படையாகக் கூறியது. கடைசி ஆண்டில் இணையாகக் காட்டப்பட்ட மற்றோர் உலகம் மட்டுமே மரணத்திற்குப் பிந்தையது.

ஆனால் நடந்தது என்ன? திரளான பார்வையாளர்கள், 'நாங்கள் முதலிலேயே சொன்னோம். எல்லாரும் அன்றே இறந்துவிட்டனர்' என்று முடிவு கட்டினர். இறுதியில் எழுத்துகள் ஓடும்போது, ஆளரவமற்ற கடற்கரையில் விமானச் சிதைவுகள் கிடக்கும் காட்சிகள் காட்டப்பட்டன. தொடரின் உணர்ச்சியிலிருந்து செய்திக்கோ விளம்பரத்திற்கோ உடனே தாவாமல் இருக்க ஒளிபரப்பு நிறுவனம் சேர்த்த காட்சிகள் அவை, கதையின் பகுதியல்ல. தம் ஊகத்திற்குச் சான்று தேடியவர்களுக்கோ அதுவும் ஒரு சான்றாயிற்று. பாத்திரம் வாய் திறந்து கூறிய சொல் காதில் விழவில்லை. கூறப்படாத குறிப்பு மட்டும் கண்ணில் பட்டது. ஊகத்தை முதலில் ஊன்றிவிட்டுப் பின்னர் சான்று தேடுபவன் எதையும் காணமாட்டான் என்பதில்லை. தான் விரும்பியதைத் தவறாமல் காண்பான். அதுவே அவனுக்கு நேரும் கேடு.

கதை சொல்பவரின் கடமை

கேட்பவருக்குக் கடமை உண்டெனில் சொல்பவருக்கும் உண்டு. புதிரை முன்வைப்பவர் பார்வையாளரிடம் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறார். 'குறிப்புகளை நேர்மையாக வைப்பேன். நீங்கள் உழைத்தால் பயன் உண்டு' என்பதே அது. தம் முடிவை வாசகர் சிலர் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டனர் என்பதை அறிந்த மார்ட்டின், அதற்காக முடிவை மாற்றப்போவதில்லை என்று 2014இல் எடின்பரோ நகரின் புத்தக விழாவில் கூறினார். முன்னரே விதைத்த குறிப்புகள் அனைத்தும் பொய்யாகிவிடும் என்பது அவர் கருத்து. இது மிக நேர்மையான நிலை. கண்டுபிடித்தவரைத் தோற்கடிப்பதற்காக மட்டும் முடிவை மாற்றும் ஆசிரியர், கவனத்தோடு கேட்டவரைத் தண்டித்து, கவனியாதவருக்குப் பரிசளிப்பவர் ஆகிறார்.

இதற்கு மாறானதோர் நிலையும் மதிக்கத்தக்கதே. 1990இல் தொடங்கிய 'ட்வின் பீக்ஸ்' தொடரில் லாரா பாமர் என்னும் மாணவியைக் கொன்றவர் யார் என்ற வினா ஒரு நாட்டையே பற்றிக்கொண்டது. இயக்குநர் டேவிட் லிஞ்சுக்கு அந்த வினாவிற்கு விடையளிக்கும் விருப்பமே இருக்கவில்லை. ஒளிபரப்பு நிறுவனம் வற்புறுத்தவே, அவ்வாண்டு நவம்பரில் விடை கூறப்பட்டது. பார்வையாளர் தொகை சுருங்கி, 1991இல் தொடரே நின்றுபோயிற்று. பொன் முட்டையிடும் வாத்தைக் கொன்றுவிட்டதாக லிஞ்ச் பிற்காலத்தில் வருந்தினார். எல்லாப் புதிர்களும் அவிழ்வதற்காகவே கட்டப்படுவதில்லை என்பதை இதிலிருந்து உணர்கிறோம்.

ஹோம்ஸை இக்காலத்திற்குக் கொணர்ந்த பிரிட்டிஷ் தொடர் மூன்றாவது வழியைக் கண்டது. 2012 ஜனவரியில் ஹோம்ஸ் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்து மாண்டதாகக் காட்டினர். அவர் எவ்வாறு பிழைத்தார் என்று இரண்டாண்டுகள் ரசிகர்கள் ஊகித்தனர். 2014 புத்தாண்டு நாளில் வந்த பகுதியில், அத்தகைய ஊகிகளின் சங்கம் ஒன்றையே கதைக்குள் அமைத்து, அவர்களின் விளக்கங்களைக் காட்சிகளாக்கினர். இறுதியில் ஹோம்ஸே ஒரு விளக்கம் கூறுகிறார். அதுவும் முழு உண்மைதானா என்ற ஐயத்தோடு விட்டுவிட்டனர். சிலர் இதை ஏமாற்று என்றனர். சிலர் தமக்களித்த வரவேற்பு என்றனர். நமக்குத் தோன்றுவது, இருபாலாரும் ஒருவரையொருவர் அறிந்து ஆடிய ஆட்டம் அது என்பதே.

பார்வையாளருக்கு முடிவின்மீது உரிமை உண்டா என்னும் வினாவும் இங்கே எழுகிறது. 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் கடைசி வரிசை பலருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. அதை வேறு எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். குறை கூறும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. பத்தாண்டுகள் காத்திருந்தவர்களின் ஏமாற்றத்தை ஏளனம் செய்வதும் பண்பாகாது. ஆனால் விருந்தில் உப்பு மிகுந்தது என்று கூறும் விருந்தினர், சமையற்கட்டினுள் புகுந்து அகப்பையைப் பறிக்கலாகாது. நாம் ஊகித்தது நிகழவில்லை என்பதனாலேயே நிகழ்ந்தது பிழையாகிவிடாது.

பிறர் இன்பத்தைக் கெடுப்பதும் ஒரு குறையே. முடிவை அறிந்துகொண்டவர், இன்னும் காணாதவர் முன்னிலையில் அதைப் போட்டு உடைப்பது அற்பச் செயலாகத் தோன்றலாம். எனினும் பிறர் ஆவலோடு அடைகாத்து வைத்திருக்கும் ஒரு பொருளைத் தம் பெருமைக்காகச் சிதைக்கும் குணம் அதில் இருக்கிறது. அதிகம் கூறாமல் மேற்செல்வோம்.

பாத்திரத்திலிருந்து மனிதருக்கு

இனி வருவதே இக்கட்டுரையின் முதன்மையான கவலை. 2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' என்னும் தொடரில், வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப் பொருள் தயாரிப்பில் இறங்கிக் கொலைகாரராகவும் மாறுகிறார். அவர் மனைவி ஸ்கைலர் அதை எதிர்க்கிறாள். பார்வையாளரில் ஒரு பெருங்கூட்டம் குற்றவாளியாகிய கணவனுக்காகப் பரிந்து, தடுத்த மனைவியை வெறுத்தது. அவளைப் பற்றிய விமர்சனம் விரைவில் அவளாக நடித்த அன்னா கன் என்னும் நடிகையைப் பற்றிய வசையாக மாறிற்று. தம்மைக் கொல்வதற்குத் தாம் இருக்குமிடத்தை விசாரித்து ஒருவர் எழுதியிருந்ததையும் கண்டு நடுங்கியதாக, 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் அவரே எழுதினார்.

கற்பனைப் பெண் மீது ஏற்பட்ட வெறுப்பு, இரத்தமும் சதையுமான பெண்ணின் வாயிலைத் தட்டிய கதை இது. இதைச் செய்தவர்கள் பித்தர்கள் என்று கூறி நாம் ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் அந்த வழியின் முதற்படிகள் நமக்குப் பழக்கமானவை. ஒரு பாத்திரத்தின்மீது தீர்ப்புக் கூறுவது இனிமையானது. அதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை. அந்த இனிமையில் பழகிய நாக்கு எந்த இடத்தில் திரை முடிந்து தெரு தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறது.

2024 ஏப்ரலில் வெளியான 'பேபி ரெயின்டீர்' என்னும் பிரிட்டிஷ் தொடர் இதனினும் கடுமையான பாடம். நடிகர் ரிச்சர்ட் காட், ஒரு பெண் தம்மை நெடுங்காலம் பின்தொடர்ந்து தொல்லை செய்ததையும், வேறொருவர் தமக்கு இழைத்த கொடுமையையும் அடிப்படையாகக் கொண்டு எழுதி நடித்த கதை அது. உண்மைக் கதை என்ற அறிவிப்பு அதில் இருந்தது. பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. பார்வையாளர் பலர் உடனே துப்பறியத் தொடங்கினர். அந்தப் பெண் யார்? அந்தக் கொடியவர் யார்? குறிப்புகளைப் பொறுக்கினர், பழைய எழுத்துகளைத் தோண்டினர், ஆட்களைச் சுட்டிக் காட்டினர். அக்கொடுமையோடு தொடர்பே இல்லாத நாடக இயக்குநர் ஒருவர்மீது பழி விழுந்தது. அவர் காவல்துறையை நாட வேண்டியதாயிற்று. இவ்வாறு ஊகிப்பதை நிறுத்துமாறும், கதையின் நோக்கம் அதுவன்று என்றும் காட் தாமே வேண்டிக்கொண்டார். கதையின் பெண்ணாகச் சுட்டப்பட்ட ஒருவர் 2024 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்.

டல்லஸ் தொடரின் சுட்டவர் யார் என்று தேடியவர்களும் பேபி ரெயின்டீர் தொடரின் பெண் யார் என்று தேடியவர்களும் செய்த தொழில் ஒன்றே. குறிப்புகளைச் சேர்த்தனர், பொருத்தினர், பெயர் கூறினர். அறிவின் இயக்கத்தில் வேறுபாடு இல்லை. அவ்வாறாயின் ஒன்று விளையாட்டாகவும் மற்றது தீமையாகவும் ஆனது எதனால்?

கதையில் வரும் மனிதனுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவனுடைய இரகசியம் அவருக்குத் தெரியும்; குறித்த நாளில் அதை அவர் வெளியிடுவார். அந்நாளில் பிழையாக ஊகித்தவர் பிழைத்தார் என்பது ஐயமின்றி விளங்கிவிடும். அவரால் பழிக்கப்பட்ட பாத்திரம் வருந்தப்போவதில்லை. அண்டை வீட்டு மனிதரின் வாழ்க்கைக்கோ நம் கையில் கதைச்சுவடி இல்லை. அவர் இரவில் தாமதமாக வீடு திரும்புவதும், அவர் மகள் திடீரெனப் படிப்பை நிறுத்தியதும் நமக்காக வைக்கப்பட்ட குறிப்புகள் அல்ல. அவை அவருடைய துயரமாகவோ வறுமையாகவோ நோயாகவோ இருக்கலாம். விடை கூறும் இறுதிப் பகுதி இவ்வுலகில் ஒளிபரப்பாவதில்லை. ஆகவே பிழையாக ஊகித்தவர் தம் பிழையை அறியாமலே வாழ்ந்து மடிகிறார். பழி சுமந்தவர் அதைச் சுமந்துகொண்டே நடக்கிறார்.

திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் வீண் சந்தேகமும், பிறர் குறைகளைத் துருவித் தேடுவதும், புறம்பேசுவதும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து விலக்கப்பட்டிருப்பதை நம் வாசகர்கள் அறிவர். அந்த வரிசையின் ஒழுங்கு சிந்திக்கத்தக்கது. ஊகம் உள்ளத்தில் பிறக்கிறது; பின் சான்று தேடிக் கண் அலைகிறது; பின் நாவில் ஏறிப் பிறர் செவிக்குச் செல்கிறது. 2024இல் அந்த நாடக இயக்குநருக்கு நேர்ந்தது இதே மூன்று படிகளில்தான் நேர்ந்தது.

ஒரு மறுப்பும் விடையும்

'அவ்வாறெனில் கதைகளில்கூட ஊகத்தைப் பழக்காமல் இருப்பதே நலமன்றோ? இங்கே சந்தேகிக்கப் பழகியவன் அங்கேயும் சந்தேகிப்பானே?' என்று ஒருவர் வினவலாம். இவ்வினாவில் பொருள் இல்லாமலில்லை. இராப்பகலாகச் சூழ்ச்சிக் கதைகளையே உண்டு வளரும் மனம், ஒவ்வொரு புன்னகைக்குப் பின்னும் ஒரு சூழ்ச்சியைத் தேடக்கூடும். இதை மறுப்பதற்கில்லை.

எனினும், கதையில் ஊகிப்பவன் மற்றொன்றையும் கற்கக்கூடும். உறுதி என்று எண்ணியது தவறிப்போகும் அனுபவத்தை அவன் மீண்டும் மீண்டும் பெறுகிறான். எல்லாக் குறிப்புகளும் ஒருவனையே சுட்டின. முடிவில் அவன் குற்றமற்றவனாக நின்றான். 1980இல் தங்கள் கணிப்பு பொய்த்துச் சிரித்த கோடிக்கணக்கானோர் அன்றிரவு இலவசமாகப் பெற்ற பாடம் அது. மனித அறிவு எவ்வளவு எளிதாக வழிதவறும் என்பதை ஒருவர் மானத்தையும் காவுகொள்ளாமல் கற்பதற்குக் கதையைவிட மலிவான பள்ளி வேறில்லை. ஆனால் பாடம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. தவறியதை ஒப்புக்கொள்ளாமல், 'லாஸ்ட்' பார்வையாளர் சிலரைப் போல், விடை வந்த பின்னும் தம் ஊகத்தையே பற்றிக்கொண்டிருப்பவருக்கு அப்பள்ளியில் கல்வி இல்லை. ஆணவம் மட்டுமே வளர்கிறது. அந்த ஆணவமே பின்னர் அண்டை வீட்டின் மீதும் திரும்புகிறது.

ஆகவே வீட்டுப் பெரியவர்களின் சலிப்புக்கு நாம் கூறும் விடை இதுவே. பிள்ளைகள் கதையைப் பற்றிப் பேசட்டும், வாதிடட்டும், தடுக்க வேண்டாம். ஒரு பிள்ளை, "அவன்தான் செய்திருப்பான்" என்று கூறும்போது, "எதைக் கண்டு சொல்கிறாய்?" என்று கேளுங்கள். விடை வெளியாகும் நாளில், "அன்று நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா?" என்று ஏளனமின்றி நினைவூட்டுங்கள். நீங்களும் ஊகித்திருந்து தவறியிருந்தால் அதையும் சொல்லிச் சிரியுங்கள். அதே பிள்ளை மறுநாள் தெருவில் கேட்டு வந்த செய்தியோடு, எதிர் வீட்டாரைப் பற்றி, "அவர்கள்தான் செய்திருப்பார்கள்" என்று தொடங்குமானால், அதே வினாவை இன்னும் சற்று உறுதியான குரலில் கேட்க வேண்டும்: "எதைக் கண்டு சொல்கிறாய்?" கதையில் அவ்வினாவுக்குப் பழகிய பிள்ளை, இங்கே விடை கூற இயலாமல் வாய் மூடிக்கொள்ளும்.